ஒரு ட்ரேக்கு நூற்றில் ஒரு பங்கு விதை

1. போன்

சம்பா விதை விற்பனை சூடுபிடித்திருந்த வாரம். ஈரத்தாளை விரித்து முளைத்த நெல்லை எண்ணிக்கொண்டிருந்தபோது மகளின் பள்ளியிலிருந்து போன். பிளஸ் ஒன் வேதியியல் டீச்சர். குரலில் கோபமே இல்லை; அதுதான் பயமாக இருந்தது.

"மேடம், அரை மோல் கார்பன்ல எத்தனை அணு இருக்குன்னு கேட்டிருந்தேன். ஒரு அணுகூட தேறாதுன்னு எழுதியிருக்கா உங்க பொண்ணு."

எல்லாக் கணக்கிலும் அப்படித்தானாம். அவகாட்ரோ எண்ணால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறாள். திங்கட்கிழமை மறுதேர்வு. அதிலும் போனால் சயன்ஸ் குரூப்பிலிருந்து மாற்றிவிடுவார்களாம். அவளுக்கோ அக்ரி படிக்க வேண்டும். நான் முளைகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அன்று சாம்பாரில் இரண்டு முறை உப்பு விழுந்தது.

2. கடை

அய்யம்பேட்டைப் பக்கம் ஒரு விதைக் கடையில் எனக்கு வேலை. முளைப்புத் திறன் பார்ப்பேன், ஆயிரம் நெல்மணிகளை எண்ணி எடை போடுவேன். நெல்லை மூட்டைக் கணக்கில் யாராலும் எண்ண முடியாது. ஆயிரம் மணியை எண்ணி ஒரு தடவை நிறுத்துவிட்டால், பிறகு எடையை வைத்தே எண்ணிக்கை சொல்லிவிடலாம். சன்ன ரகம் என்றால் ஆயிரம் மணி பதினைந்து கிராம் வரும். மோட்டா ரகம் என்றால் இன்னும் அதிகம். எண்ணிக்கை ஒன்றுதான், எடைதான் வேறு. மோலும் இதேதான், அணுக்களை எடைபோட்டே எண்ணுகிற வழி என்று சனிக்கிழமை மகளைக் கடைக்கே கூட்டிவந்து விளக்கினேன்.

"அம்மா, இது நெல்லு. அது கெமிஸ்ட்ரி" என்றாள், கொட்டாவியோடு.

அந்த நேரம் பாபநாசத்திலிருந்து சேகர் வந்தார். எங்கள் பழைய வாடிக்கைக்காரர். இந்த வருஷம் மெஷின் நடவு; அதற்கு நாற்றை ட்ரேயில் வளர்க்க வேண்டும். முதல் தடவையாகச் சன்ன ரகம். மோட்டாவுக்குப் போடுகிற அதே நூற்றைம்பது கிராமை ஒரு ட்ரேயில் தூவினால் எத்தனை விதை விழும் என்று கேட்டார். எனக்கு வேறொரு போன் வர, மகளைப் பார்த்துத் தலையசைத்தேன்.

நூற்றைம்பதைப் பதினைந்தால் வகுத்தாள். பத்து வந்தது, அதாவது ஆயிரம் மணி பத்துத் தடவை. அதுவரை சரி. பிறகு பத்தை ஆயிரத்தால் வகுத்தாள்.

"ட்ரேக்கு நூத்துல ஒரு பங்கு விதை விழும் மாமா."

சேகர் சிரிக்கவில்லை. கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டவர் மாதிரி யோசித்தார்.

"அப்ப நூறு ட்ரே போட்டா ஒரு நாத்து வரும். அதுக்கு மெஷின் எதுக்கு பாப்பா? நானே கையில புடிச்சிட்டுப் போயி நட்டுட்டு வந்துடுறேன். என்ன, அறுப்புக்குத்தான் ஆள் கிடைக்காது."

மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்று சிரித்தார்கள். நான் போனை வைத்துவிட்டு, அழப்போகிறாள் என்று ஓடினேன். அவள் கால்குலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "பத்தாயிரம் மாமா. ரொம்ப நெருக்கம். குறைச்சுப் போடுங்க" என்றாள். என் பக்கம் திரும்பி, "அம்மா, நான் கார்பனையும் இப்படித்தான் பண்ணிட்டேன்" என்றாள்.

3. மறுபடி போன்

செவ்வாய்க்கிழமை அதே நம்பர். எடுக்கிற அவசரத்தில் முழங்கை பட்டு, தராசில் இருந்த மணிகள் எல்லாம் தரையில்.

"பாஸ் மேடம். எல்லாமே சரி. ஒண்ணுதான் புரியல. ஒவ்வொரு விடைக்குக் கீழயும் 'நாத்து போதும்'னு எழுதியிருக்காளே, அது என்ன?"

தரையில் உட்கார்ந்து மணிகளைப் பொறுக்கிக்கொண்டே சேகரின் ட்ரே கதையைச் சொன்னேன்.

கடைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். பெருக்குவதா வகுப்பதா என்று குழம்பினால் வந்த விடையை ட்ரேயில் கொட்டிப் பாருங்கள். ஒரு நாற்றுகூட முளைக்காது என்று தோன்றினால் வாடிக்கைக்காரரிடம் வாயைத் திறக்காதீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். நான் முதலில் தராசை ஓரமாக நகர்த்திவைக்கிறேன்.