ஒட்டிப் போய்த் திருப்பு

2024 ஜூன் 10, திங்கட்கிழமை. காலை 7.20-க்கு ராயபுரத்தில் ஸ்கூட்டரை எடுத்தேன். எண்ணூர் விரைவுச் சாலையில் வழக்கம்போல் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. 7.55-க்குத் திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் கையெழுத்துப் போட்டேன். எட்டு மணிக்குப் பதிவேட்டைத் திறந்தேன். அன்றுவரை பதினாறு வருடங்களாக என் வேலை அதுதான். எந்தச் சரக்கு எந்த வரிசையில் இறங்கியது, எது உடைந்தது, சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டியவர் யார், அவர் செய்த தவறு என்ன என்று நின்று பார்த்து எழுத வேண்டும்.

அந்த வேலை அந்த மாதத்தோடு முடியவிருந்தது. இனி எல்லாவற்றையும் ஸ்கேனர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்கள். பதிவு எழுதும் நான்கு பேரில் யார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தேர்வில் தேறுகிறார்களோ அவர்கள் ஓட்டுநராகத் தொடரலாம், மற்றவர்கள் கணக்கு முடித்துக்கொண்டு போகலாம். மூன்று வாய்ப்புகள். மற்ற மூவரும் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். எனக்கு வயது நாற்பத்தேழு, இந்த இடத்தை விட்டுப் போக மனமில்லை. நிறுவனம் கொடுத்த இரண்டு நாள் பயிற்சியை முடித்தேன். ஆங்கிலத்தில் இருந்த கையேட்டை அகராதி வைத்துப் படித்து, அறுபத்திரண்டு பக்கங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதினேன். எழுத்துத் தேர்வில் முழு மதிப்பெண். ஓட்டிக் காட்டுவதில் இரண்டு முறையும் தோல்வி. இரண்டு முறையும் குறுகிய சந்தில் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் எதிர் வரிசையில் இடித்தது.

மூன்றாவது தேர்வு ஜூன் 21. கேட்டால் சொல்லித்தர எங்கள் கிடங்கிலேயே ஓட்டுநர் ஒருவர் இருந்தார். காசிமேட்டுக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பலகையில் அடுக்கிய சரக்கை அவர் தூக்கி வைத்தால் பக்கத்துப் பெட்டி அசையாது. ஆனால் யாருடைய தவறுகளை எழுதி வந்தேனோ அவரிடமே போய் எப்படிக் கேட்பது? எதையும் யாரிடமும் கேட்காமல் செய்துதான் எனக்குப் பழக்கம். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தத் திங்கட்கிழமை மதியம் 1.15-க்கு, அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்றேன்.

"இன்னா மேடம், சோறு துன்ற நேரத்துல கூட எயுத வந்துட்டீங்களா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எழுத வரல. எனக்கு ஓட்ட வரல, நீங்க கத்துக்குடுக்கணும்" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைக் காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

சிரிப்பு நின்றது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எங்க இடிக்குது?"

"திரும்புறப்போ. பின்னாடி."

"திரும்புற பக்கத்து வரிசை முனையை விட்டுத் தள்ளி வந்து திருப்புறீங்களா? ஸ்கூட்டர்ல, கார்ல போற மாரி?"

"ஆமா. அதுதானே பத்திரம்?"

"அதான் மேட்டரே. இதுக்குப் பின்சக்கரம்தான் திரும்பும். முனையை ஒட்டிப் போயி திருப்பணும். தள்ளிப் போனீங்கன்னா குண்டி போயி எதிர்ல மோதும்." டப்பாவை ஓரமாக வைத்தார். "ஒட்டிப் போனதுக்குத்தான் என்னை நாலு வாட்டி எயுதிக்கீறீங்க. ஆபீஸ்ல கூப்ட்டுக் கேட்டாங்க. நான் சொன்னது அங்க யாருக்கும் புரியல, வுட்டுட்டேன்."

'பின்சக்கரம் திரும்பும்' என்று என் குறிப்பேட்டில் நானே அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். எழுதினேனே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

அன்று மாலையே பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்ன கணக்கு சரி. 'வரிசைக்கு மிக அருகில் ஓட்டினார்' என்று நான்கு இடங்களில் என் கையெழுத்து. நான்கிலும் சேதம் எதுவும் இல்லை. மேற்பார்வையாளரிடம் விஷயத்தைச் சொல்லி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இது ஓட்டுநரின் பிழை அன்று, பதிவு செய்தவரின் பிழை' என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அப்படியே மதிய இடைவேளையில் காலி வண்டி ஒன்றை எடுத்துப் பழக அனுமதியும் கேட்டேன். இரண்டாவது முறை கேட்பது அவ்வளவு கடினமாக இல்லை.

மறுநாள் முதல் ஒன்பது நாட்கள், தினமும் 1.15 முதல் 1.45 வரை பழகினேன். அவர் காலி டிரம்களைச் சந்து மாதிரி நிறுத்திக் கொடுத்தார். ஜூன் வெயிலில் தகரக் கூரை காய்ந்தது. அந்த அரைமணி நேரம் அவர் தூங்கும் நேரம், எனக்காக அதை விட்டுக்கொடுத்தார். முதல் நாள் ஏழு டிரம்களைத் தள்ளினேன். "இன்னா மாமு, உன்னை ஆபீஸ்ல கோத்துவுட்டவங்களுக்கே ஸ்டேரிங்கைக் குடுத்துட்டியா?" என்று ஒருவர் கேட்டார். "வுட்றா, நம்ம ஸ்டூடண்ட்டு" என்றார் இவர். மூன்றாம் நாளிலிருந்து 'மேடம்' போய் 'யக்கா' வந்துவிட்டது. ஐந்தாம் நாள், கேலி செய்தவரே டிரம்களை நிமிர்த்தி வைக்க வந்தார். அவரிடமும் ஒன்று கேட்டேன். உயரத்தில் பலகை நேராக இருக்கிறதா என்று கீழேயிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? அவர் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு வழியைச் சொல்லிக்கொடுத்தார். கையேட்டில் அது இல்லை.

ஜூன் 21, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. எட்டுப் பலகைச் சரக்கு, பதினைந்து நிமிடம். தேர்வாளர் கடிகாரத்தோடு நின்றார். ஏழு பலகைகளைச் சரியாக வைத்துவிட்டேன். எட்டாவதைத் தூக்கிக்கொண்டு சந்து முனைக்கு வந்ததும் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. இரண்டு முறையும் இடித்தது அங்கேதான். முனையை விட்டுத் தள்ளிப் போ என்று பழைய புத்தி சொன்னது. இந்த முறையும் இடித்தால் அடுத்த மாதம் எனக்கு வேலை இல்லை.

மஞ்சள் கோட்டுக்கு அப்பால் ஓட்டுநர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அங்கிருந்து அவர் குரல் கொடுத்தார்: "ஒட்டிப் போ யக்கா, இன்னிக்கு எயுத ஆளில்ல!"

தேர்வாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன், பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். முனையை ஒட்டிப் போய்த் திருப்பினேன். வண்டியின் பின்பக்கம் எதிர் வரிசையைக் கையகல இடைவெளியில் கடந்தது. பதின்மூன்று நிமிடம் நாற்பது நொடி. தேறிவிட்டேன். விசில் அடித்தவர்களில் பாதிப் பேருடைய தவறுகளை நான் என்றாவது பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முதல் பெண் நான்தான். இதை யாரிடமும் கூச்சப்படாமல் சொல்வேன். தேர்ச்சிச் சான்றிதழில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது, நான் வாய்திறந்து கேட்டதால் எனக்குக் கிடைத்த அந்த ஒன்பது மதியங்கள். எட்டுப் பலகைகளைவிட அப்படிக் கேட்டதை நினைத்துத்தான் இன்றும் எனக்குப் பெருமை.

மறுநாள் சனிக்கிழமை, ஓட்டுநராக என் முதல் ஷிஃப்ட். காலை 6.05-க்குச் சாவியை வாங்கி வண்டியைச் சுற்றிப் பார்த்ததும், ஏறுவதற்கு முன், நேராக மெக்கானிக்கிடம் போனேன். "தூக்குற சங்கிலி இடப்பக்கம் தளர்ந்திருக்கா, இல்ல அப்படித்தான் இருக்குமான்னு எனக்குத் தெரியல. ஒரு நிமிஷம் வந்து பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டேன்.