தொட்டிக்குள் வந்த விரால்

நனைந்த தோலின் வாடை எங்கே அடித்தாலும், மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலையின் தோல் "சால்" ஞாபகம் வந்து, அதன் பின்னாலேயே கிணற்றடியில் மாடுகள் தண்ணீர் குடிக்கும் எங்கள் கல்தொட்டியும் ஞாபகத்துக்கு வந்துவிடும். பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே எங்கள் தோட்டம். ஓடையில் துணி விரித்துப் பிடித்த ஏழெட்டுக் கெண்டைப்பொடிகளை அந்தத் தொட்டியில் விட்டு வளர்த்தேன். எனக்குப் பத்து வயது. பிடித்த பிடியை விடாத குணம்.

பாசி பிடித்துவிட்டதென்று அப்பா தொட்டியைக் கழுவ வந்தார். அவரை நாங்கள் "ஐயன்" என்போம். நான் வழிமறித்து நின்றதில் கொஞ்சம் இறங்கினார்.

"அம்மாவாசைக்குள்ள குஞ்சு பொரிச்சா உட்டுடறேன் கண்ணு. இல்லீன்னா கழுவிப்போடுவேன்."

எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆண்மீன்களின் விலாவில் சிவப்பு ஏறி, கல்யாண வீட்டில் புதுவேட்டி கட்டிய இளவட்டங்கள் மாதிரி, பெண்மீன்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன.

அமாவாசைக்கு எட்டு நாள் இருக்கையில் சித்தப்பா உயிரோடு ஒரு விரால் கொண்டுவந்தார். மாமனார் வீட்டார் விருந்துக்கு வரும்வரை அது சாகக் கூடாதென்று, மூங்கில் கூடையில் போட்டு மூடி, மேலே கல்லை வைத்து, என் தொட்டிக்குள் பாதி அமிழ்த்திவிட்டார்.

"கூடைக்குள்ள கெடக்கறது உன்ற மீனை என்ன பண்ணப்போகுது அம்மணி?"

அது ஒன்றும் பண்ணவில்லைதான். ஆனால் மறுநாளே ஆண்மீன்களின் சிவப்பு வெளுத்துப்போயிற்று. பெண்மீன்களை ஏறெடுத்தும் பாராமல் பாசிக்குள் பதுங்கின. கூடையைச் சாக்கால் சுற்றி மறைத்துப் பார்த்தேன். அப்போதும் வெளியே வரவில்லை. வாடையே போதும் போலிருக்கிறது. மினுக்கிக்கொண்டு திரிகிறவன்தான் முதலில் விராலின் வாய்க்குப் போவான் என்று அந்தப் பொடிகளுக்குத் தெரிந்திருந்தது, எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபமான கோபம்.

மூன்றாம் நாள் மத்தியானம் கூடையை இழுத்துப்போய்க் கிணற்றில் கவிழ்த்தேன். "நாந்தானுங்க உட்டேன்" என்று நானே சொல்லி, ஆத்தாவிடம் முதுகில் இரண்டு வாங்கிக்கொண்டேன். சித்தப்பாவின் மாமனார் பருப்பும் நெய்யும் சாப்பிட்டுப் போனார். சித்தப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

சிவப்பு திரும்பியது. அமாவாசையன்று காலை பாசியோரத்தில், கண்ணும் வாலும் மட்டுமாகக் குஞ்சுகள். ஐயன் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, தொட்டியைக் கழுவாமல் போனார்.

பிறகு யார் விரால் கொண்டுவந்தாலும், "தொட்டி வேண்டாமுங்க, அது அம்மணியோடது" என்று தனி மொடாவைக் காட்டுவார்.

நிலமெல்லாம் அண்ணன்மார்களுக்குப் போயிற்று. அந்தத் தோட்டத்தில் என்னுடையது என்று ஐயன் வாயால் சொன்னது அந்தத் தொட்டி ஒன்றைத்தான். அங்கே இப்போது மோட்டார் கொட்டகை இருக்கிறது.