நான் குடைந்த மாடம்

மனைவியின் தங்கை கனடாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் ஒரு மாதம் இருந்தாள். அவளுக்குப் பழைய இடங்கள் பார்க்க வேண்டும். எங்களையும் இழுத்துக்கொண்டு திரிந்தாள். புறக்கோட்டையில் ஒன்று, கோட்டையில் இரண்டு, பிறகு களனி விகாரை. மியூசியம் எல்லாம் ஒரே மாதிரித்தான். யாரோ சோறு தின்ற பீங்கான், யாரோ படுத்த கட்டில், யாரையோ வெட்டிய வாள். கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் சனம் குரலைத் தாழ்த்திக் கதைக்கிறது.

நான் சாமான்களைப் பார்ப்பதில்லை. சுவரைத்தான் பார்ப்பேன். முப்பது வருடத்துக்கு மேல் மேசன் வேலை. எது சுண்ணாம்பு, எது சிமெந்து, பூசினவன் எந்த இடத்தில் அவசரப்பட்டான் என்று கண் தானாகப் போகும்.

“சுவரைப் பாக்கவா அத்தான் டிக்கட் எடுத்துத் தந்தனான்?” என்று மச்சாள் சிரிப்பாள்.

கடைசியாக ஒரு நாள் கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு பார்க்க இருக்கிறது என்றாள். ஆட்டோ எங்கள் பழைய ஒழுங்கைக்குள் திரும்பியதும் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

அது ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், கட்டின வீடாம். நாங்கள் இருந்தபோது அது வெறும் வீடு. எட்டுக் குடும்பம், இரண்டு கக்கூசு. கட்டிடம் பழுது, ஆட்கள் இருக்கக்கூடாது என்று எங்களை எழுப்பி, தெமட்டகொடைப் பக்கம் மாடிக் குடியிருப்பில் பன்னிரண்டாம் மாடியில் போட்டார்கள். நாங்கள் போன பிறகு திருத்தி, வெள்ளை அடித்து, மரபுரிமை வீடு என்று பலகை மாட்டினார்கள்.

“உங்கட வீட்டுக்குள்ள போக உங்களுக்கே டிக்கட். விசா கேக்காம விட்டாங்களே அத்தான்,” என்றாள் மச்சாள். நான் சிரிக்கவில்லை. மனைவி அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

எங்கள் அறை கிழக்கு மூலை. அடுப்பு வைத்த இடத்தில் ஒரு ஒல்லாந்த நாற்காலி. சுவரில் எங்கள் மாடம் இருந்தது. முன்னால் கண்ணாடி, உள்ளே சின்ன பல்ப். பக்கத்தில் மூன்று பாஷையில் பலகை. ‘ஒல்லாந்தர் கால விளக்கு மாடம்’ என்று இருந்தது.

அந்த மாடத்தைக் குடைந்தது நான்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. மகள். ஒன்பது வயதில் டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அலுமாரிக்கு மேல் இருக்கும் அந்தோனியாருக்குச் சுவரிலேயே இடம் செய்து தருகிறோம் என்று மனைவி நேர்ந்தாள். நான் அன்றைக்கே உளியை எடுத்தேன். பழைய கபுக் கல் சுவர், ஓட்டை ஓட்டையான செம்மண் கல், சிமெந்து அதில் நிற்காது. வேலைக்கு ஊறவைத்திருந்த சுண்ணாம்பைக் கொண்டுவந்து பூசினேன். ஈரம் காயும் முன் மனைவி மகளின் கழுத்துச் சுரூபத்தை, கோயிலில் புதுநன்மை வாங்கின அன்று போட்ட சின்ன வெள்ளிப் பதக்கத்தை, மாடத்தின் அடியில் வைத்து அழுத்தினாள். அதன் மேல் நான் இன்னொரு கை பூசினேன்.

பூச்சுக் காயும் முன்னே பிள்ளை போய்விட்டாள்.

மயானத்தில் குழியும் எங்களுக்கு நிற்கவில்லை. சில வருடத்தில் அதே இடத்தில் வேறு ஆளை வைத்தார்கள். வீட்டை விட்டு எழும்பும்போது, “சுரூபத்தைக் கொத்தி எடுத்துத் தாறன்,” என்று மனைவியிடம் சொன்னேன். வேண்டாம் என்றாள். நேர்ந்து கொடுத்ததைத் திருப்பி எடுக்கக்கூடாது. அந்தோனியார் சிலையை மட்டும் கொண்டுபோனோம்.

இப்போது அந்த மாடத்தின் முன்னால் நின்று, வழிகாட்டுகிற பிள்ளை சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள். மேலே கரி தெரிகிறதா, அது ஒல்லாந்தன் வீட்டு வேலைக்காரன் கொளுத்தின விளக்குப் புகை என்றாள். அது என் மனைவி செவ்வாய்க்கிழமைகளில் கொளுத்தின மெழுகுதிரிப் புகை. மனைவி கண்ணாடியில் கையை வைத்தாள்.

“அன்ட்டி, கண்ணாடியைத் தொடாதீங்க.”

கையை எடுத்தாள். நான் வாயைத் திறந்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

“ஒண்டும் சொல்லாதீங்கோ,” என்றாள் மெல்ல. “லைட்டும் போட்டு, பூட்டும் போட்டு வச்சிருக்கினம். எங்களால ஏலுமா இப்பிடி? ஒல்லாந்தன்ர எண்டே இருக்கட்டும்.”

மச்சாள் கனடாவுக்குப் போய்விட்டாள். மனைவி செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குப் போய்வரும் வழியில் அங்கே போகத் தொடங்கினாள். டிக்கட் எடுத்து உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நிற்பாள். அந்தப் பிள்ளைக்கு இவளைப் பிடித்துவிட்டது. பிறகு பிறகு டிக்கட் கேட்பதில்லை. மனைவி சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிட்டதும் அந்த மாதங்களில்தான்.

ஒரு செவ்வாய் நானும் போனேன். அங்கே பெரியவர் ஒருவர் சில மாணவர்களைக் கூட்டிவந்திருந்தார். அந்த இடத்துக்குப் பொறுப்பானவராம். மாடத்தின் வளைவைக் காட்டி, “இந்தப் பூச்சைப் பாருங்க,” என்றார். “எவ்வளவு ஒழுங்கு. இண்டைக்கு இருக்கிற மேசன் பாஸ்மாருக்கு இது வருமா? செத்தாலும் வராது. இவங்களுக்குச் சிமெந்தை அப்பத்தான் தெரியும்.”

மாணவர்கள் சிரித்தார்கள்.

“அது நான் செஞ்சது சேர்,” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். “என்னது?”

“இந்த மாடம். நான்தான் குடைஞ்சன். நாங்க இந்த அறையிலதான் இருந்தனாங்க.”

“அப்ப உங்களுக்கு முந்நூறு வயசா பாஸ்?” என்றார். மறுபடியும் சிரிப்பு.

மனைவி என் சட்டையைப் பின்னால் இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைத்தேன், என்ன கலந்தேன் என்று சொன்னேன். இடப்பக்க மூலையில் உளி வழுக்கி ஒரு கீறு விழுந்தது, பூச்சுக்கு மேலும் அது தெரியும், பாருங்கள் என்றேன். அவர் குனிந்து டோர்ச் அடித்தார். கீறு இருந்தது. சிரிப்பு நின்றது.

சுரூபத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. அந்த நேரம் எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. பூச்சுத்தான் ஞாபகத்தில் இருந்தது.

அவர் கொப்பியில் எழுதிக்கொண்டார். “நல்ல காலம் சொன்னீங்க,” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நல்ல வேலை பாஸ்.”

பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போதுதான் கேட்டாள்.

“பெருமைக்குத்தானே சொன்னீங்க?”

“ஓம்.”

அடுத்த இரண்டு செவ்வாயும் வேலை நடக்கிறது என்று அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். மூன்றாவது செவ்வாய் இருவரும் போனோம். பலகை இல்லை. பல்ப் இல்லை. மாடம் இருந்த இடம் சுவரோடு மட்டமாக இருந்தது. சுண்ணாம்புகூட இல்லை, சிமெந்துப் பூச்சு, மேலே வெள்ளை.

அந்தப் பிள்ளை எங்களைக் கண்டதும் முகத்தைத் தாழ்த்தினாள். “அங்கிள் சொன்னதாலதான்,” என்றாள். “அது ஒல்லாந்தர் காலத்தது இல்லைதானே. பழைய மாதிரியே இருக்கோணும் எண்டு மேலிடத்தில சொல்லிட்டாங்க. கல் வச்சு அடைச்சிட்டாங்க.”

“உள்ளுக்குக் கொத்தினாங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“தெரியாது அன்ட்டி. நான் அண்டைக்கு லீவு. கழிவெல்லாம் லொறியில போயிட்டுது.”

என்ன கழிவு என்று நான் கேட்கவில்லை. அடைக்கிற வேலை என்றால் எந்த மேசனும் முதலில் பழைய பூச்சைக் கொத்தி எடுப்பான். கொத்தாமல் வைத்தால் கல் பிடிக்காது. நானாக இருந்தாலும் அடியிலிருந்துதான் கொத்தத் தொடங்கியிருப்பேன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்கோ. கொத்தாம அடைக்கலாமோ?”

“அடைக்கலாம்,” என்றேன். “சின்ன மாடம்தானே. அப்பிடியே வச்சு அடைச்சிருப்பாங்க. உள்ளுக்குத்தான் இருக்கும்.”

அவள் என்னையே பார்த்தாள். கலியாணம் முடித்த புதிதில் என் வேலைகளுக்குத் தண்ணீர் தூக்கினவள் அவள். பழைய பூச்சைக் கொத்தியும் தந்திருக்கிறாள்.

“சரி,” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அங்கே போகவில்லை. செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகிறாள், நேரே எங்கள் ஃப்ளாட்டுக்கு வருகிறாள். என்னோடு கதைக்கிறாள். சாப்பிட்டீங்களா, லிஃப்ட் வேலை செய்யுதா, மழை வருமா. அவ்வளவுதான் கதைக்கிறாள்.