தொட்டி மீனும் செங்கம்மாளின் கத்திரிக்காயும்

செங்கம்மாள் வளையல் கையால் தொட்டியின் விளிம்பில் மூன்று தட்டுத் தட்டுகிறாள். பச்சைத் தண்ணீருக்குள்ளிருந்து நாற்பது வாய்கள் மேலே வருகின்றன. "இரு, இரு. ஒங்கப்பன் வூட்டுத் தவுடா, அள்ளிக் கொட்றதுக்கு?" என்று திட்டிக்கொண்டே ஒரு பிடி தவிட்டைத் தூவுகிறாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொட்டித் தண்ணீரை வாளியால் மொண்டு, பக்கத்தில் உயரமாக நிற்கும் உடைந்த வள்ளத்தில் ஊற்றுகிறாள். காலையில் முப்பது வாளி, மாலையில் முப்பது. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறினால், மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த குப்பத்தில் அவள் வீடு. தொட்டி என்றால், கிணற்றுக்கு இறக்கும் சிமெண்டு உறைகள் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. வள்ளம் என்றால், பழைய படகின் பாதி. அதைச் செங்கல் அடுக்கிச் சாய்வாக நிறுத்தியிருக்கிறாள். அதற்குள் மண் கிடையாது. சிற்பப் பட்டறைகளில் உளிபட்டுத் தெறித்த கருங்கல் சில்லுகளைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து நிரப்பியிருக்கிறாள். அந்தக் கல்லில்தான் கத்திரியும் தக்காளியும் கொஞ்சம் புதினாவும் நிற்கின்றன. மேலே ஊற்றும் தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, வேரை நனைத்து, தெளிந்து, கீழ் ஓட்டை வழியாகத் தொட்டியிலேயே விழுகிறது.

"மீனு கழிச்சது செடிக்கு. செடி குட்ச்சிட்டு மிச்சம் வெக்கிறது மீனுக்கு. நடுவுல நான் சம்பளம் இல்லாத ஆளு" என்பாள்.

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூடுவாஞ்சேரியில் இருக்கும் அவள் தம்பி, ஏரியில் பிடித்த ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளைப் பால் கேனில் கொண்டுவந்து கொடுத்தான். மூன்றே நாளில் தண்ணீர் நாறியது. நல்ல தண்ணீர்க் கிணறு சவுக்குத் தோப்புக்கு அப்பால் இருக்கிறது. தினமும் அவ்வளவு தூரம் சுமக்க மாட்டாமல், நாறிய தண்ணீரைக் கல்லில் ஊற்றி வடிகட்டிப் பார்த்தாள். எப்போதோ கழுவிக் கொட்டிய தக்காளி விதை ஒன்று கல் இடுக்கில் முளைத்தது. உப்புக் காற்றும் வெறும் மணலுமான அந்த வாசலில் அதுவரை எந்தக் காயும் நின்றதில்லை.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது எந்த வீடு எதைத் தரவேண்டும் என்று முன்கூட்டியே கோயிலில் பேசிக்கொள்வார்கள். ஒரு வீடு கேழ்வரகு, ஒரு வீடு நொய், மற்ற வீடுகள் கருவாடு. குழம்பில் போடும் கத்திரிக்காய் மட்டும் வெளியே வாங்குவது. இந்த வருஷம், 1974இல், செங்கம்மாள் எழுந்து, "கத்திரிக்கா என்னுது" என்றாள்.

அவள் கொழுந்தன் முத்துசாமி சிரித்தார். "எதுர எம்மாம் பெரிய கடலு கீது. அத்த வுட்டுட்டுத் தொட்டில மீன் வளக்குற. இப்ப கல்லுல கத்திரிக்காவா அண்ணி? காய்க்கலன்னா தொட்டிய எட்துடு. அந்த எடத்துல நெத்திலியாவது காயும்." வாசல் இரண்டு வீட்டுக்கும் பொது.

"எட்துர்றேன்" என்றாள் செங்கம்மாள். அம்மன் முன்னால் சொல்லிவிட்ட சொல். இனி மாற்ற முடியாது.

கூழுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள் தம்பி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கினாள். தண்ணீர் ஊற்றும் வேலையைக் கணவர் காத்தவராயனிடம் விட்டுப் போனாள். கட்டுமரக்காரரான அவர் முதல் நாள் கடலிலிருந்து வந்த அலுப்பில் தூங்கிவிட்டார். மறுநாள் காலையில், தண்ணீர் ஓடாமல் கிடந்த தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நாற்பது வருஷம் கடலில் மீன் பார்த்தவருக்கு, அவற்றுக்கு என்ன குறை என்று உடனே விளங்கிவிட்டது. உப்பு இல்லை. பத்துக் குடம் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். மீன்கள் துள்ளின. அந்தச் சந்தோஷத்தில் அதே தண்ணீரை அறுபது வாளி மொண்டு செடிக்கும் ஊற்றினார்.

திரும்பி வந்த செங்கம்மாள் இலைகளின் ஓரம் கருகிக் கிடப்பதைப் பார்த்தாள். தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"யோவ், உசுரோட கீற மீன வெச்சே கொழம்பு காச்சிட்டியா? உப்பு கரீக்டா கீது."

"மூச்சு வாங்கிகினு கெடந்துச்சுமே. இப்ப பாரு, எப்டி ஆடுதுன்னு."

"மீனு ஆடும். செடி?"

காத்தவராயன் செடியைப் பார்த்தார். ஜிலேபி எந்தத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். கத்திரிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

மீன்களை அண்டாவுக்கு மாற்றி, தொட்டியைக் காலி செய்து, கல்லை நல்ல தண்ணீரால் அலசி அலசி விட்டார்கள். ஐந்து நாள் வேலை. தண்ணீர் சுமந்தது காத்தவராயன். குடத்தை இடுப்பில் வைக்க அவருக்குக் கூச்சம். மீன் கூடை தூக்கும் காவடிக் கம்பில் இரண்டு பக்கமும் குடத்தைத் தொங்கவிட்டு நடந்தார். கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பெண் வேண்டா அவரைச் சும்மா விடவில்லை.

"இன்னா அண்ணாத்த, சங்கராவா, வஞ்சிரமா? கூறு எவ்ளோ?"

"முள்ளே இல்லாத மீனும்மா. வாங்கிக்கோ" என்று சொல்லிக்கொண்டே அவர் நடையைக் கட்டினார்.

கருகிய இலைகள் உதிர்ந்தன. பிஞ்சுகளில் பாதிக்கு மேல் உதிர்ந்தன. செங்கம்மாள் விடியும்போதே எழுந்து, செடியைத் தொடாமல் குனிந்து பார்த்துவிட்டு வாளியை எடுப்பாள். கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமை அவள் முறத்தில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனது பதினோரு கத்திரிக்காய்.

முத்துசாமி முறத்தை எட்டிப் பார்த்தார். "எரநூறு பேருக்கு இதுவா அண்ணி?"

"காய்க்கும்னுதான் சொன்னேன். கூடை கூடையா காய்க்கும்னு சொன்னனா?" என்று அரிவாள்மணையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் நறுக்கிய துண்டுகளை வெயிலில் பிடித்தால் வெளிச்சம் தெரிந்தது.

மதியம் கூழ் வார்த்தார்கள். குழம்பு அகப்பை செங்கம்மாள் கையில் இருந்தது. வரிசையில் வந்த முத்துசாமி கூழ்ச் சட்டியை நீட்டினார். அவள் அகப்பையை அடிவரை விட்டு, கருவாட்டையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கித் தேடி, ஒரு கத்திரித் துண்டைப் பிடித்து அவருடைய கூழின் நடுவில் வைத்தாள். பின்னால் ஆட்கள் முண்டினார்கள். அவர் அதை எடுத்து வாயில் போட்டு மென்று முடிக்கும்வரை, அடுத்த ஆளுக்கு அவள் அகப்பையை நீட்டவில்லை.