சாம்பார் அண்டாவின் மேல் ஒரு முதலாளி

தொழிலில் நெருக்கடி வந்தால் முதலாளி என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். "உட்கார வேண்டும்" என்றேன். பலமாகக் கைதட்டினார்கள். பொறுமையைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள், பாவம். நான் சொன்னது நிஜமாகவே உட்காருவதை.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஓரிரு வருஷம் இருக்கும். வட சென்னையில், கல்மண்டபத்தில் சின்னதாக ஒரு மெஸ் நடத்திக்கொண்டிருந்தேன். நானும் சமையல்கார அக்காவும்தான் மொத்தக் கம்பெனியும். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் எண்பது பேருக்கு மதியச் சாப்பாடு தரக் கேட்டிருந்தார்கள். பன்னிரண்டரைக்குப் பரிமாற வேண்டும். முதல் நாளே தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். இதுவும் கைநழுவினால் மெஸ்ஸை மூடிவிட்டு, பழையபடி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் பட்டன் தைக்கப் போக வேண்டியதுதான்.

அன்றைக்கென்று பார்த்து சாலை முழுக்கத் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள். ஒன்றும் நகரவில்லை. டிரைவர்கள் வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள். மணி பதினொன்று. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். "ரோடுதானேம்மே அடைச்சிக்கினு கீது? கடலு காலியாத்தான் கீது. என் தம்பியாண்ட மீன் புடிக்கிற போட்டு கீது."

அவளைப் பார்த்தேன். அவள் விளையாடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் அது நிற்கவே இல்லை.

மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் அண்டாக்களை ஏற்றி, லாரிகளின் இடுக்கில் புகுந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனோம். தம்பி எதையும் கேட்கவில்லை. தினமும் சாம்பார் ஏற்றுகிறவன்போல ஃபைபர் போட்டில் ஏற்றினான். துறைமுகத்தைத் தாண்டியதும் முதல் அலையிலேயே சாம்பார் அண்டாவின் வாய்க்கட்டு அவிழ்ந்தது. மூடி துள்ளியது. யோசிக்க நேரமில்லை. சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

கொதிக்கக் கொதிக்க இறக்கிய சாம்பார். சாக்கு ஒரு பேச்சுக்குத்தான் இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன்.

"யக்கா, எழுந்துக்காத. சாம்பாரு பூடும். குந்திகினே இரு" என்றான் தம்பி.

குந்திக்கொண்டே போனேன். கீழே சூடு, மேலே உப்புத் தண்ணீர். அக்கா சாதத்தைக் கட்டிப்பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவ்வளவு பயமும் அவ்வளவு சந்தோஷமும் ஒரே நேரத்தில் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை.

திருவொற்றியூர்க் குப்பத்தில் கரையேறினோம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். பன்னிரண்டு இருபத்தைந்துக்குத் தொழிற்சாலை வாசலில் நின்றோம். சாம்பார் ஒரு கரண்டிகூடக் குறையவில்லை.

எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் மேனேஜர் கூப்பிட்டார். ஈரம் காயாமல் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாப்பாடு நல்லா இருந்துச்சு. நாளைக்கும் ரோடு இப்படித்தான் இருக்கும். எப்படி வருவீங்க?"

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அதை நான் யோசிக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஆளில்லாத பழைய சைக்கிள் ஷெட் ஒன்று தெரிந்தது.

"நாளைக்கு வரமாட்டோம் சார். அந்த ஷெட்டைக் கொடுத்தா இங்கேயே அடுப்பு மூட்டிடுவோம். அரிசியும் பருப்பும் எத்தனை நாள் லாரியில நின்னாலும் கெட்டுப்போகாது."

ஜன்னல் வழியே ஷெட்டை எட்டிப் பார்த்தார். பிறகு ஒப்பந்தத் தாளை என் பக்கம் நகர்த்தி, நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்கம்மா. படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க."

"பரவாயில்லை சார்" என்றேன். நாலு பக்கத்தையும் நின்றபடியே படித்தேன். கையெழுத்தையும் நின்றபடியேதான் போட்டேன்.