பின்வாசல் கேட்ட குருவம்மாள்

திருத்தங்கலில் கருத்தப்பாண்டிக்கு வரிசையாக நாலு வாடகை வீடு. மழையை நம்பிப் பருத்தி போட்டு அலுத்துப்போய், ஊரில் இருந்த நிலத்தை விற்றுக் கட்டியவை. எல்லாம் ஒற்றை அறை, ஒற்றை வாசல். கடைசி வீட்டில் குருவம்மாளும் அவள் புருஷன் நாகையாவும் சாத்தூர்ப் பக்கமிருந்து வந்து குடியிருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து பட்டாசு செய்கிற வெடி ஆபீஸில் வேலை பார்த்தவள் அவள். திடீரென்று ஏன் நின்றாள் என்று கருத்தப்பாண்டி கேட்டதில்லை. வம்பு தும்புக்குப் போகாதவள். அப்படிப்பட்டவள் ஒருநாள் வந்து, "அண்ணாச்சி, பின்செவுத்த ஒடச்சு ஒரு கதவு வச்சுத் தாங்க" என்றதும் மனுஷன் உஷாராகிவிட்டார்.

ஆகாமல் பின்னே? இந்தப் பக்கம் வாடகைக்கு விடுகிறவர்கள் குழாய் கேட்டால் போட்டுக் கொடுப்பார்கள், ஓடு மாற்றக் கேட்டால் மாற்றுவார்கள். பின்வாசல் கேட்டால் மட்டும் சந்தேகம்தான். வீட்டுக்குள் திருட்டுத்தனமாக வெடி உருட்டுவதற்கும், போலீஸ் வந்தால் சரக்கோடு ஓடுவதற்கும்தான் அது என்று நினைப்பார்கள். வெடித்துவிட்டால் வீட்டுக்காரனும் சேர்ந்து ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு, மறுநாள் காலையிலேயே சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

வந்தவர் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை. அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினார். பாயை உதறினார். நாகையா அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டான். சுவரோரமெல்லாம் காலியாகக் கிடந்தது. கட்டில், பீரோ, தண்ணீர்க் குடம் எல்லாம் நடுவீட்டில் கும்பலாக இருந்தன.

"செவுத்தோரமா எதுக்கு எடம் ஒழிச்சு வச்சிருக்க? சரக்கு அடுக்கவா?"

குருவம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"வெடி ஆபீஸ்ல ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும், தெரியும்ல அண்ணாச்சி. எங்க ரூம்லயும் இருந்துச்சு. சீசன் நேரம், லோடு லாரில ஏறலைன்னு மூணு வாசல்லயும் பெட்டிய அடுக்கிட்டாக. தொறந்திருந்த வாசப் பக்கம் நான் உக்காந்திருந்தேன். எம் மக பொன்மணி எதுத்தாப்புல உக்காந்திருந்தா. வெடிச்சப்ப நான் வெளிய விழுந்துட்டேன், அவளுக்கு வழி இல்ல."

வாசல் கதவைக் கையால் காட்டினாள்.

"இந்தக் கதவச் சாத்துனா மூச்சு முட்டுது. சோறுகூட வாசப்படில வச்சுத்தான் திங்கேன். செவுத்தோரம் ஒரு சாமான் வைக்க மனசு வரல. இன்னொரு வழி இருந்துச்சுன்னா உள்ள படுத்துக்கிருவேன்."

கருத்தப்பாண்டி அரிசித் தூசி ஒட்டிய கையை வேட்டியில் துடைத்தார். "கொத்தனார வரச் சொல்லுதேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே சுவரை உடைத்து, வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு வைத்தார்கள். தாழ்ப்பாளைக் கருத்தப்பாண்டியே கடைக்குப் போய் வாங்கிவந்தார், நல்ல கனமானது. குருவம்மாள் கைநீட்டவில்லை.

"தாப்பா வேண்டாம் அண்ணாச்சி."

"ஏந்தாயி, கள்ளன் வந்துட்டா?"

"வரட்டும். வந்தா சாமானத்தான எடுத்துட்டுப் போவான்."