நாலாம் நம்பர் ஐஸ்

அடிப்பதைப் படிக்காமல் அடிப்பவள்தான் பிழையில்லாமல் அடிப்பாள், டி.டி.பி. கடையில் உட்கார்ந்து கண் பூத்துப்போன உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே பதினாலு வருஷமாக மனுவும் பத்திரமும் அடிக்கிறேன். இந்த விதியை நான் மீறியது ஒரே ஒரு தடவை.

ஒண்ணாம் நம்பர்

பூங்கொடி வெள்ளிமலைப் பக்கத்து ஊர்க்காரி. சின்னசேலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே இயற்பியலில் ஆராய்ச்சி செய்துவந்தாள். ஒரு சித்திரை மத்தியானம், கையால் எழுதிய தாள்களைத் துணிப்பையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். எல்லாம் இங்கிலீஷ். எனக்குச் சட்டென்று புரிந்தது ஐஸ் என்ற சொல் மட்டும்தான். தண்ணீர் உறைந்தால் ஐஸ், அதற்கு எதற்கு இருநூறு பக்கம் என்று கேட்டேன்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். உள்ளே துகள்கள் அடுக்கியிருக்கும் விதம் மாறினால் ஐஸும் வேறாகிவிடுமாம். எவ்வளவு குளிர், எவ்வளவு அழுத்தம் என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் ஒரு இடத்தில் நிலைத்து நிற்குமாம். கண்டுபிடித்தவர்கள் வரிசையாக ரோமன் எண் கொடுத்திருக்கிறார்கள். எது எங்கே நிலைக்கும் என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

"இருபது விதம் வரைக்கும் இருக்குதுக்கா. நம்ம ஜூஸ் கடையில கெடைக்கிறது ஒண்ணாம் நம்பர் மட்டும்தான்."

சுடுகிற ஐஸ்

ஏழாம் நம்பர் ஐஸ் பற்றி அடிக்கும்போது நூறு டிகிரிக்கு மேல் என்று வந்தது. கை நின்றுவிட்டது. சுழியம் ஒன்று கூடிப்போயிற்றோ என்று அவளைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். சரிதான் என்றாள். போதுமான அளவு அழுத்தினால், சோறு கொதிக்கிற சூட்டிலும் அது ஐஸாகவே இருக்குமாம். பூமிக்கடியில் வெகு ஆழத்தில் பிறந்த வைரங்களுக்குள் அதன் துளிகளைப் பார்த்திருக்கிறார்களாம்.

போனை வைத்த பிறகும் வேலை ஓடவில்லை. வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது. அந்த ரோட்டுக்கும், கரும்புக் கொல்லைகளுக்கும், கோமுகி ஆற்று மணலுக்கும் கீழே எங்கோ, கும்மிருட்டில் சுடச்சுட ஒரு ஐஸ் துளி உருகாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டே இருந்தேன். பட்டா மனுவுக்காகக் காத்திருந்த பெரியவர் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"அவ்ளோ ஜாஸ்தி அழுத்துனா ஐஸு இன்னாம்மா, மனுசன்கூட கல்லாத்தான் பூடுவான்."

விட்டுப்போன நம்பர்

பூங்கொடி எல்லாப் பக்கத்தையும் திரையிலேயே பார்த்துத் திருத்திக் கொடுத்துவிட்டு மலைக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். அதுதான் கடைசி நாள். வியாழக்கிழமை அச்செடுக்கும்போது அந்தப் பட்டியலைப் படித்துத் தொலைத்தேன். நிலைத்து நிற்கும் ஐஸ்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு என்று போயிற்று. நாலைக் காணோம். பாவம், வரிசை எண் போடும்போது நாலைத் தாவிவிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். போன் போட்டால் மலையில் சிக்னல் இல்லை. நானே உதவி செய்தேன். ஃபைல் முழுக்க ஐந்தை நாலாக்கினேன், ஆறை ஐந்தாக்கினேன், ஏழை ஆறாக்கினேன், இப்படியே கடைசி வரைக்கும். சேமித்து, நாலு பிரதி எடுத்து அடுக்கிவைத்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

காலையில் முதல் பஸ்ஸில் வந்தவள் பிரதியைப் புரட்டினாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். பட்டியலில் விரலை வைத்துக் காட்டிச் சொன்னாள்.

"நாலு இருக்குதுக்கா. ஆனா அதுக்குன்னு சொந்தமா எடம் கெடையாது. அஞ்சோட எடத்துல வந்து ஒண்டிக்கினு இருக்கும், அதனாலதான் பட்டியல்ல வராது."

படித்த நாள்

திருப்பி மாற்றலாம் என்றால் முடியாது. நாலைப் பற்றி வேறொரு அத்தியாயத்தில் அவள் எழுதியிருந்தாள்; புரியாமல் அடித்த எனக்கு அது ஞாபகமில்லை. இப்போது அவளுடைய நாலும் நான் நாலாக்கிய ஐந்தும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கையெழுத்துத் தாள்கள் மலையில். அதே ஃபைலின் மேலேயே சேமித்துவிட்டதால் பழையதும் இல்லை. இரண்டு மணி பஸ்ஸை விட்டால் எல்லாம் போச்சு.

வரி வரியாகப் படித்தோம். அவள் அர்த்தம் சொன்னாள், நான் திருத்தினேன். நிலைக்கும் என்று வந்தால் ஐந்து. சூடேறினால் வேறாகிவிடும் என்று வந்தால் நாலு. சில ஐஸ்களைக் கடுங்குளிரில் வைத்து அழுத்தத்தை எடுத்துவிட்டால், எடுத்ததே தெரியாமல் அப்படியே இருக்குமாம். அந்த வரியில் இரண்டு பேரும் சற்று நின்றோம். மின்விசிறி வெந்த காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு ஏதோ வெள்ளையான, சத்தமே இல்லாத ஒரு இடத்தில் நடந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. ஒரு இடத்தில் அவள் ஐந்து என்றாள். அடுத்த வரியைப் பார், நாலுதான் என்றேன். பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

ஒன்றே முக்காலுக்கு, அட்டையின் பசை காயாத பிரதிகளை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கியவள் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த ஒரு நாலை நானே விட்டிருப்பேன்க்கா."

கேள்வி

தை மாதம் பட்டம் உறுதியாகி, பலகாரப் பொட்டலத்தோடு வந்தாள். வாய்மொழித் தேர்வில் இரண்டு மணி நேரம் நிற்கவைத்துக் கேட்டார்களாம். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. நாலைப் பற்றி என்ன கேட்டார்கள் என்றேன். அவள் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டே சிரித்தாள்.

"அதப் பத்தி யாரும் ஒரு கேள்விகூட கேக்கலக்கா."

அன்றிலிருந்து யார் பட்டியலில் எந்த நம்பர் விட்டுப்போயிருந்தாலும் நான் நிரப்புவதில்லை. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிருந்தால்கூட, அவருக்கும் வேறு எங்காவது ஓர் இடம் இருக்கும் என்று விட்டுவிடுகிறேன்.